ஜேகுவெரியில் பக்கம் கட்டப் பழகும் பிள்ளைகளுக்கு

வலப்பனை, ராகலை, உடப்புசல்லாவைத் தோட்டங்களில் பிறந்து, இணையப் பக்கம் எழுதப் பழகும் தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். பாடத்துக்கு நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த செக்ரோலையே, அதாவது தோட்டத்து வேலைப் பதிவையே, எடுத்துக்கொள்வோம். ஆளின் பெயர், அன்றைய கொழுந்து நிறை, முழுப்பேரா (முழு நாள் வேலை) அரைப்பேரா (அரை நாள்): இந்த மூன்றையும் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் கொண்டு ஓர் அட்டவணையாகக் கட்ட வேண்டும்.

1. ஜேகுவெரியைப் பழசு என்று ஒதுக்காதீர்கள். ஜோன் ரெசிக் அதை 2006 ஜனவரியில் நியூயோர்க்கில் அறிமுகப்படுத்தினார். இன்றும் எண்ணற்ற தளங்கள் அதன் மேல்தான் ஓடுகின்றன. வேலைக்குப் போனால் அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு உங்களிடம் வரலாம். சுருக்கி அனுப்பினால் சுமார் 30 கிலோபைட்தான். சிக்னல் மங்கும் பள்ளத்து லயத்திலும் அது வந்து சேரும்.

2. சங்கிலியாக எழுதும்போது, ஒவ்வொரு அழைப்பும் எதைத் திருப்பித் தருகிறது என்பதை அறிந்து எழுதுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். வரிசைக்கு ஒரு டிஆர், அதற்குள் பெயருக்கு ஒரு டிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஆரைப் பிடித்து 'அப்பெண்ட்' போட்டு டிடியை உள்ளே வைத்தால், கையில் இருப்பது டிஆர். டிடியைப் பிடித்து 'அப்பெண்ட்டூ' போட்டு டிஆருக்குள் அனுப்பினால், கையில் இருப்பது டிடி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அடுத்து 'ஆட்கிளாஸ்' போட்டு நிறம் கொடுக்கும்போதுதான் முழு வரிசைக்கு ஏற வேண்டிய நிறம் ஒரு கட்டத்துக்கு மட்டும் ஏறி நிற்கும். 'ஃபைண்ட்' உங்களை உள்ளே இறக்கிவிடும். 'எண்ட்' போட்டால்தான் பழைய இடத்துக்கு ஏறி வருவீர்கள். இறங்கும்போது நிரலையும் ஒரு படி உள்ளே தள்ளி எழுதுங்கள், ஏறும்போது வெளியே இழுங்கள். அடைப்புக்குள் எதுவும் தராமல் 'டெக்ஸ்ட்' என்று கூப்பிட்டால் வெறும் எழுத்துச்சரம்தான் வரும். சங்கிலி அதோடு அறுந்துவிடும்.

நீளச் சங்கிலி திறமைக்கு அடையாளம் அல்ல. மூன்று நான்கு கண்ணிக்கு மேல் போனால் டிஆரை ஒரு மாறியில் வைத்து, அதற்குப் புரியும்படி பெயர் கொடுங்கள்.

3. தேடிய எலிமெண்ட் பக்கத்தில் இல்லாவிட்டால் ஜேகுவெரி பிழை காட்டாது, சத்தமில்லாமல் கடந்துவிடும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் 'லெங்த்' பாருங்கள்.

4. மனிதர் தட்டச்சிட்ட எதையும் 'எச்டிஎம்எல்' வழியாகப் பக்கத்துக்குள் விடாதீர்கள். 'டெக்ஸ்ட்' வழியாகவே விடுங்கள். பெயர்க் கட்டத்தில் ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதி வைத்தால், பட்டியலைத் திறக்கும் ஒவ்வொருவருடைய பிரவுசரிலும் அது ஓடக்கூடும். ஜேகுவெரிக்குள்ளேயே இத்தகைய ஓட்டை இருந்து, 2020 ஏப்ரலில் வந்த 3.5.0 பதிப்பில் அடைத்தார்கள். அதற்கு முந்திய பிரதி உங்களிடம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய தமிழ்ப் பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினியில் 'ஈ' என்பது கணினிக்கு ஒரு இடது கோணக்குறி. அதன் பின்னால் ஆங்கில எழுத்து ஒன்று வந்தால், பிரவுசர் அதை டேக்கின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு மீதிச் சொல்லை விழுங்கிவிடும். தீய எண்ணம் யாருக்கும் இல்லாமலே நம் மக்களின் எழுத்து பட்டியலில் இருந்து காணாமல் போகும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு 'டெக்ஸ்ட்' போடுங்கள்.

5. லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்தைத் தொடாதீர்கள். டிஆர்களை ஓர் அரேயில் சேர்த்து, கடைசியில் ஒரே அப்பெண்ட்டில் டிபாடிக்குள் இறக்குங்கள். பழைய கைபேசி வைத்திருப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

6. பூச்சியமும் தரவுதான். கவ்வாத்துக்கோ மருந்தடிக்கவோ போனவருக்கு அன்று கொழுந்து 0, ஆனால் பேர் முழுசு. ஜாவாஸ்கிரிப்டின் 'இஃப்' 0-வை இல்லாததாகவே கணிக்கும். நிறை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வரிசை கட்டினால், நாள் முழுக்க வேலை செய்த மனிதர் பட்டியலிலேயே இருக்க மாட்டார். நிறை 'நல்' ஆக இருக்கிறதா, 0-வாக இருக்கிறதா என்று தனித்தனியே சோதியுங்கள். ஒருவருடைய பேர் விடுபடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

7. நீளமான பெயரை 'ஸ்லைஸ்' கொண்டு வெட்டாதீர்கள். 'கொ' நமக்கு ஓர் எழுத்து. கணினிக்குக் ககரமும் ஒகரக்குறியுமாக இரண்டு. இடையில் வெட்டினால் உயிர்க்குறி போய் 'க' மட்டும் நிற்கும், பெயரே மாறிவிடும். அகலத்தைச் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளட்டும். மும்மொழிப் பக்கமானால் ஒவ்வொரு மொழிப் பகுதிக்கும் 'லேங்' பண்பைக் கொடுங்கள். பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலி அதைப் பார்த்துத்தான் உச்சரிப்பைத் தேர்ந்தெடுக்கும்.

8. கை பழகியதும் அதே செக்ரோலை ஜேகுவெரி இல்லாமல் ஒருமுறை எழுதுங்கள். பிரவுசரின் சொந்த 'அப்பெண்ட்' எதையும் திருப்பித் தராது. அதனால் சங்கிலி போட முடியாது; டிஆர், டிடி எல்லாவற்றையும் மாறிகளில் பிடித்துவைத்தே கட்ட வேண்டியிருக்கும். இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, வரிக்கு வரி ஒப்பிட்டு வாசியுங்கள்.