வரிசை கோணாமல் குரோஷே பின்னுவது எப்படி?

பிரெஞ்சு மொழியில் குரோஷே என்றால் சிறு கொக்கி. புக்கிட் மெர்தாஜாமில் நம் மலாய்ச் சகோதரிகள் இப்பின்னலைக் குறிக்கச் சொல்லும் 'காயிட்' என்பதற்கும் கொக்கி என்றே பொருள். கொக்கி ஊசி ஒன்றும் நூலுருண்டை ஒன்றும் இருந்தால் போதும், பின்னத் தொடங்கிவிடலாம்.

ஆனால் புதிதாகப் பழகுவோர் பின்னும் துண்டு, பெரும்பாலும் மேலே போகப்போக ஒடுங்கிவிடுகிறது, அல்லது அகன்றுவிடுகிறது. கை வராததே காரணம் என்று பலர் ஊசியைக் கீழே வைத்து விடுகின்றனர். உண்மையில் கோளாறு வரிசையின் இரு முனைகளில்தான் உள்ளது.

20 தையல் கொண்ட துண்டு ஒன்று பின்னுவோம். முதலில் 21 சங்கிலிக் கண்ணிகள் போடவேண்டும். ஊசியில் இருக்கும் வளையத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது. ஊசியிலிருந்து இரண்டாம் கண்ணியில் ஊசியை நுழைத்து, நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்தால் ஒரு தையல் முடிந்தது. இப்படியே 20 தையல் முடித்து, ஒரு சங்கிலி போட்டுத் துண்டைத் திருப்புக. இந்தச் சங்கிலி தையலாகாது. ஆகவே முதல் தையலிலேயே ஊசியை நுழைக்க வேண்டும்.

நூலை முன்னதாக ஒருமுறை ஊசியில் சுற்றிக்கொண்டு பின்னும் உயரத் தையலுக்கு முறை வேறு. திருப்பும்போது மூன்று சங்கிலி போடுகிறோம். அது ஒரு தையலாகும். ஆகவே முதல் தையலை விட்டு இரண்டாவதில் தொடங்கி, வரிசையின் கடைசித் தையலை முந்திய வரிசையின் மூன்று சங்கிலியின் உச்சியில் போடவேண்டும். இதை மறந்தால் வரிசைக்கு ஒன்று குறையும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சிறு தையலை ஆங்கிலேயர் 'டபிள்' என்பர். அமெரிக்கர் 'சிங்கிள்' என்பர். உயரத் தையல் ஆங்கிலேயருக்கு 'டிரெபிள்', அமெரிக்கருக்கு 'டபிள்'. மாதிரிப் புத்தகம் எந்நாட்டு முறையில் எழுதப்பட்டது என்று பார்த்தே ஊசியை எடுக்க வேண்டும்.

2016 ஜனவரி 31-ல் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்னும் குழுவினர், பலர் தனித்தனியே பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை அமைத்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். ஓரம் நேராக இருந்தால்தான் ஒருவர் துண்டு மற்றவர் துண்டோடு பொருந்தும். ஆகவே சகோதரிகளே, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் 20 தையல் இருக்கிறதா என்று எண்ணுங்கள். குறைந்தால் அவ்வரிசையை மட்டும் பிரித்துப் பின்னினால் போதும். பத்து வரிசை கடந்தபின் கண்டால் பத்தையும் பிரிக்க நேரும்.