வரைபடத்தில் தொலைபேசி இலக்கத்தை எங்கே எழுதுவது?

ஊர் திரும்பும் குடும்பம் முதலில் தேடுவது கமநல சேவை நிலையம், பிரதேச செயலகம், ஆஸ்பத்திரி ஆகியவற்றையே. 2006 இல் மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்து இடம்பெயர்ந்த எம்மவர்களுக்கு இது தெரியாததல்ல. ஓர் அலுவலகத்துக்கு வீணாகப் போய்வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். சரியான இலக்கம் கையிலிருந்தால் அந்த நாள் மிச்சம்.

'ஓப்பன் ஸ்ட்ரீட் மப்' என்பது 2004 இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட, எவரும் சேர்ந்து வரையக்கூடிய உலக வரைபடம். அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் 2012 இல் தொடங்கிய முயற்சியில், மட்டக்களப்பு மண்முனை வடக்கின் சுமார் 30,000 கட்டடங்கள் இதில் வரையப்பட்டன.

கட்டடத்தை வரைந்தால் மட்டும் போதாது. விதைநெல் சாக்கில் இனத்தின் பெயரை எழுதிக் கட்டுவதுபோல, ஒவ்வொரு விபரத்துக்கும் ஒரு சீட்டு வேண்டும். சீட்டில் ஒரு தலைப்பும் அதற்குரிய விடையும் இருக்கும். அவற்றை இவ்வாறு வகைப்படுத்துவோம்.

1. தொலைபேசி: 'போன்', 'கொன்டாக்ட்: போன்' என இரு தலைப்புகள் வழக்கில் உண்டு. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. ஒன்றை மாத்திரம் பாவிப்போம். இரண்டிலும் எழுதினால், பின்னர் ஒன்று திருத்தப்பட்டு மற்றது பழையபடி நின்றுவிடும். திருகோணமலையின் 026 இல் முதல் பூச்சியத்தை நீக்கி, +94 26 என எழுதி மீதி ஏழு இலக்கங்களையும் சேர்க்கவேண்டும்.

2. இணையத்தளம்: 'வெப்சைட்' என்ற தலைப்பு அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே உரியது. முகநூல் பக்கத்துக்கும் மின்னஞ்சலுக்கும் தனித்தனித் தலைப்புகள் உண்டு.

3. அவ்விடத்தைப் பற்றிப் பிறர் எழுதியவை: விக்கிப்பீடியாக் கட்டுரை தொடர்பு விபரமன்று. அதற்குத் தனித் தலைப்பு உண்டு.

4. தகவல் கிடைத்த இடம்: இது 'சோர்ஸ்' என்பதில் சேரும். அங்கே அழைத்து எவரும் உதவி கேட்க முடியாது.

5. நாட்டுக்குப் பொதுவான இலக்கங்கள்: அம்புலன்ஸ் 1990, விவசாய ஆலோசனை 1920, அனர்த்த முகாமைத்துவம் 117. இவை எந்த ஒரு கட்டடத்துக்கும் உரியவையல்ல. வீட்டுச் சுவரில் எழுதி வைப்போம். ஓர் ஆஸ்பத்திரியின் இலக்கமாகப் பதியவேண்டாம்.

முக்கியமாக ஒன்றை மறக்கக்கூடாது. தனியாட்களின் கைத்தொலைபேசி இலக்கத்தையோ, எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதையோ ஒருபோதும் பதியக்கூடாது. வரைபடத்திலிருந்து அழித்தாலும் பழைய பதிவு பொதுவாக அதன் வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். இடம்பெயர்ந்தோரின் விபரம் யார் கைக்குப் போகும் என்பதை நாம் முன்கூட்டி அறியமாட்டோம்.

பயிற்சி: உங்கள் கிராமத்தவர் தேடிச் செல்லும் ஐந்து பொது இடங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றின் இலக்கத்தையும் அதன் பெயர்ப்பலகையில் பார்த்து, அழைத்துச் சரிபார்த்த பின்னரே பதியுங்கள். சரிபார்க்க முடியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். பிழையான இலக்கம் இன்னொரு குடும்பத்தின் ஒருநாள் கூலியைத் தின்றுவிடும்.