பயத்துக்கு மருந்தாகுமா மது?



கல்லூரிப் பிள்ளை குடிக்கிறான் என்றால், "கெட்ட சகவாசம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பலருடைய காரியத்தில் அது உண்மைதான். ஆனால் சிலர் பயத்தை அடக்கவே குடிக்கிறார்கள். இவ்விரு சாராருக்கும் ஒரே புத்திமதி உதவாது.

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் அநேகர் பெரும் பாரத்தைச் சுமக்கிறார்கள். வீட்டில் ஒரு சாவு, விவசாயக் கடன், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்துக்கு விளைவித்த வெள்ளச்சேதம் என்று அது பலவிதம்.

திண்டிவனம் சாலையில் தகப்பனார் லாரியில் அடிபட்டு மரித்ததைக் கண்ணாரக் கண்ட மாணவர் ஒருவரைத் தாயார் எங்களிடம் அழைத்து வந்தார். "குடியை விடச் சொல்லுங்கள் ஐயா" என்பதே அவர் வேண்டுதல். "எப்போதிலிருந்து தூக்கம் இல்லை, தம்பி?" என்று கேட்டோம். "அப்பா போன நாளிலிருந்து, ஐயா" என்றார். லாரிச் சத்தம் கேட்டால் உடல் நடுங்குகிறது; குடித்தால்தான் கண் மூடுகிறது என்றார்.

மது மூளையின் பதற்றத்தைச் சில மணி நேரம் தணிக்கும். வேகம் இறங்கியதும் பதற்றம் முன்னிலும் அதிகமாகும். நடு இரவில் தூக்கம் கலையும். மறுநாள் பயம் கூடும். அதற்காக மறுபடியும் குடி. கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்குவது போன்றது இது.

எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின்கீழ் சாவை விரும்பினார் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உணவும் தண்ணீரும் உறக்கமும் முதலில் கிடைத்தன. கேள்வி பிறகே வந்தது.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது:

முதலாவது, கடிந்துகொள்ளுமுன் தூக்கத்தைக் குறித்து விசாரியுங்கள்.

இரண்டாவது, தினமும் மிகுதியாய்க் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தும்படி பொருத்தனை செய்ய வைக்காதீர்கள். வலிப்பும் சித்தக்கலக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வை அவசியம்.

மூன்றாவது, குடிக்கு மட்டும் சிகிச்சை அளித்துப் பயத்தை விட்டுவிட்டால் குடி திரும்பி வரும். இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாய் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இம்மாணவர் குடிக்காமல் மூன்று மாதமாகிறது. பயம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. ஆலோசனைக்குத் தவறாமல் வருகிறார். ஜெபத்தில் நினைவுகூருங்கள்.

உங்கள் சபையிலும் இப்படி ஒரு பிள்ளை கடைசி வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். இந்த ஞாயிறன்று அவன் பக்கத்தில் போய் அமருங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்