திருத்தமும் பதிவும்

அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்டு கார்ஃபீல்டு வடிவமைத்த ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் சீட்டு விளையாட்டு 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதில் ஒவ்வொருவரும் தமக்குரிய சீட்டுக்கட்டைத் தாமே அமைத்துக்கொள்வர். வழக்கமான ஆட்டமுறையில் ஒரு கட்டில் உள்ள சீட்டுகள் 60க்குக் குறையலாகாது. ஆற்றல் தரும் அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக, ஒரே பெயருடைய சீட்டு நான்கிற்கு மேல் இடம்பெறலாகாது.

ஆட்டக்காரர் தம் கட்டின் பட்டியலைப் பிறருக்கு வழங்குவதுண்டு. அதைப் பின்பற்றிப் பலரும் கட்டு அமைப்பர். ஆதலால், பட்டியலைத் திருத்துவோர் நாள், நீக்கிய சீட்டு, சேர்த்த சீட்டு, காரணம் ஆகிய நான்கையும் எழுதிவைத்தல் நன்று. நிலச் சீட்டு போதாமல் தோற்ற ஒருவர், வேறு இரண்டு சீட்டுகளை நீக்கி இரண்டு நிலச் சீட்டுகளைச் சேர்க்கிறார் எனக் கொள்க. பதிவு இருப்பின், அத்திருத்தம் பயன் தந்ததா என்று ஆராயலாம். தராவிடில் பழைய நிலைக்கு மீளலாம். ஒரே வேளையில் பத்துச் சீட்டுகளை மாற்றிவிட்டால், வெற்றிக்கு வழிவகுத்தது எது என அறிதல் அரிது. பதிவு இல்லையேல், பழைய பட்டியலைப் பின்பற்றியவரும் தம் கட்டு வேறுபடுவது ஏன் என்று அறியாமல் திகைப்பர்.

பயிற்சி

1. திருத்தத்தில் பதிய வேண்டிய நான்கு செய்திகள் யாவை?
2. 60 சீட்டுகள் கொண்ட கட்டில் மூன்றை நீக்கி இரண்டைச் சேர்த்தால் விதி மீறப்படுமா? விளக்குக.
3. பிரித்து எழுதுக: அத்திருத்தம், பதிவில்லை.