சுடுநீர் ஏன் நூல்போல ஒழுகுகிறது?

மாணவர்களே, சுங்காய் அருகிலுள்ள சுங்கை கிளா வெந்நீர் ஊற்றில் முட்டை அவிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நிலத்தின் ஆழத்தில் சூடான நீர் அங்கே தானாகவே மேலே வருகிறது. நம் வீட்டு ஷவரிலோ சுடுநீர் சில நாள் நூல்போல ஒழுகும். சாதனம் பழுது என்று முடிவுகட்டும் முன், காரணத்தை அறிவியல் முறைப்படி தேடுவோம்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

பல வீடுகளில் கூரைக்குக் கீழே உள்ள தொட்டியிலிருந்துதான் ஷவருக்கு நீர் வருகிறது. அதன் அழுத்தம் = நீரின் அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × உயரம். தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு மேல் 1.5 மீட்டர் என்றால், 1000 × 9.8 × 1.5 = 14,700 பாஸ்கல். அதே நீர் 4.5 மீட்டர் கீழே இறங்கினால் அழுத்தம் மூன்று மடங்கு. மாடிக் குளியலறையில் நீர் மெதுவாக வருவதற்கு இதுவே காரணம். பெரிய தொட்டி வாங்கினால் மட்டும் அழுத்தம் கூடாது, உயரம்தான் கணக்கு.

ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

1. பக்கத்துக் கைகழுவும் குழாயைத் திறங்கள். அதிலும் நீர் குறைவா? தொட்டியின் நீர்மட்டத்தையும் வால்வையும் பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. அதில் நன்றாக வருகிறதா? சுவிட்சை அணைத்துவிட்டு, ஷவர் தலையைக் கையால் கழற்றி நீரை விடுங்கள். இப்போது நன்றாக வந்தால் அடைப்பு ஷவர் துளைகளில்தான்.

3. அப்போதும் குறைவா? சாதனத்தின் நுழைவாயிலில் உள்ள வலை வடிகட்டியில் மணலோ துருவோ சேர்ந்திருக்கலாம். அதைத் தேர்ந்தவர் பார்க்கட்டும்.

ஈப்போவின் சுண்ணாம்புக் குகைகளில் தொங்கும் பாறைகள் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. கடின நீரைச் சூடாக்கும்போது துளைகளில் படியும் வெள்ளைப் பொருளும் அதுதான். ஷவர் தலையை வினிகரில் ஊறவைத்தால், அமிலம் அதைக் கரைத்துக் கார்பன் டை ஆக்சைடு குமிழ்களை விடும்.

ஓட்டம் குறைந்தால் சூடு ஏறும்

3.6 கிலோவாட் சாதனம் முழுத் திறனில் ஒரு நிமிடத்தில் 2,16,000 ஜூல் வெப்பம் தருகிறது. 1 கிலோ நீரை 1 பாகை சூடாக்க 4200 ஜூல் தேவை. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் வெப்பம் சுமார் 13 பாகை உயரும். 2 லிட்டர் என்றால் சுமார் 26 பாகை. 28 பாகையில் இருந்த நீர் 54 பாகையாகித் தோலைச் சுட்டுவிடும். வீட்டில் சிறு குழந்தைகளோ பாட்டியோ குளிப்பதற்கு முன் கையால் தொட்டுப் பாருங்கள்.

இதை மறக்க வேண்டாம்

சூடேற்றியின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். ஈரக் கையும் மின்சாரமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பதிவுபெற்ற வயர்மேனை அழைக்கச் சொல்லுங்கள். இ.எல்.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானைப் பெரியவர்கள் மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும்.

செய்து பாருங்கள்

சூடேற்றியை அணைத்துவிட்டு, ஷவர் நீரை 1.5 லிட்டர் போத்தலில் பிடித்து, நிரம்பும் நேரத்தைக் குறியுங்கள். 30 வினாடி ஆனால், ஓட்டம் நிமிடத்துக்கு 3 லிட்டர். 3.6 கிலோவாட் சாதனம் அந்த நீரை எத்தனை பாகை உயர்த்தும்? விடை சுமார் 17 பாகை. உங்கள் வீட்டு அளவுக்கும் கணக்கிடுங்கள்.