சிறு குழந்தைக்கு இடையுணவு
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

கூட்டுறவு என்பது கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் மட்டுமன்று. அங்கத்தினரது குடும்ப வாழ்வு சீர்ப்படுவதே அதன் நோக்கம். ஆதலின், ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வேளை உணவுகளுக்கு இடையே எதனைக் கொடுப்பது என்பதை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

இடையுணவு ஏன்?

குழந்தையின் இரைப்பை சிறியது; தேவையோ பெரிது. தறியில் உழைக்கும் ஆடவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 கலோரி வேண்டும். இவ்வயதுக் குழந்தைக்கு ஏறத்தாழ 1,000 கலோரி வேண்டும். உடல் எடையோடு ஒப்பிட்டால், தந்தையைவிடக் குழந்தைக்கே இருமடங்கு உணவு தேவை என்பது விளங்கும். இதனை மூன்று வேளைச் சோற்றில் மட்டும் ஊட்டிவிட இயலாது. எனவே, தாய்ப்பாலுடனும் வேளை உணவுடனும் நாளுக்கு ஓரிரு முறை இடையுணவும் வேண்டும். அது அழுகையை நிறுத்தக் கொடுக்கும் கையூட்டு அன்று. உணவின் ஒரு பகுதியே ஆகும்.

தவிர்க்க வேண்டியவை

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். இந்நிலையில், தேநீரில் தோய்த்த பிஸ்கோத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்வது தீங்கானது. உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தேநீர் தடுக்கும். சர்க்கரை மிகுந்த பண்டங்கள் பசியை அடக்கி, அடுத்த வேளை உணவையும் கெடுக்கும். வெல்லமும் சர்க்கரையே, சுவைக்குச் சிறிது போதும்.

ஏற்றவை

1. கேழ்வரகு: 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து உண்டு; அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. முளைகட்டி, உலர்த்தி, அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சினால், மாவு மிகுதியாக இருந்தும் கஞ்சி இளக்கமாக இருக்கும். சிறு கிண்ணத்தில் மிகுந்த சத்து அடங்கும். முருங்கைக்கீரை சேர்த்த மெல்லிய அடையும் நன்று.

2. பாசிப்பயறு: குழைய வேகவைத்து மசித்துத் தரலாம்.

3. முட்டையும் பழமும்: வேகவைத்த முட்டை, வாழைப்பழம், விதை நீக்கி மசித்த கொய்யா ஆகியவை தக்கவை. தானிய உணவோடு கொய்யாவைச் சேர்த்துக் கொடுத்தால் இரும்புச் சத்து நன்கு உட்கொள்ளப்படும்.

4. நிலக்கடலை: 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. எனினும் முழுக் கடலை மூச்சுக்குழலில் சிக்கி உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். ஆதலால் வறுத்து, மாவாகப் பொடித்து, கஞ்சியிலோ களியிலோ கலந்தே கொடுத்தல் வேண்டும். எதனை உண்ணும்போதும் குழந்தை உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் அருகிலிருத்தல் வேண்டும்.

கழிவுக் கடலை ஆகாது

விவசாயப் பெருமக்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். தரமான மணிகளைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் வீட்டுக்கு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சிக்கனம் போல் தோன்றும் இவ்வழக்கம் மிகவும் கேடானது. ஈரம் போகாத கடலையில் படரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இந்நஞ்சு கலந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஓர் இலட்சத்துக்கு மேல் மடிந்தன. இந்நஞ்சு கல்லீரலைத் தாக்குவது; வறுத்தாலும் முற்றிலும் அழிவதில்லை. பூசணம் பிடித்ததைக் கால்நடைக்குப் போடுவதும் தகாது. பாலிலும் நஞ்சு இறங்கும்.

ஆகவே, குலுக்கினால் உள்ளே பருப்பு ஒலிக்கும் வரை காயை உலர்த்துக. தரம் பிரிக்கும் நாளிலேயே, முதல் தரத்திலிருந்து குழந்தையின் பங்கை அளந்து தனியே எடுத்து வைத்துவிடுக. விற்பனைக் கணக்கில் குறையும் அச்சிறு தொகை, மருத்துவச் செலவில் மீதமாகும்.

சங்கத்தின் கடமை

தமிழ்நாட்டில் அங்கன்வாடி வாயிலாக வழங்கப்பட்டுவரும் சத்துமாவினை மகளிர் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் தயாரித்து வந்துள்ளன. ஊர்ச் சங்கங்களும் பொதுவான உலர்களம் அமைத்தும், அங்கத்தினரது தானியத்தையும் கடலையையும் தூய்மையாக அரைத்துக் கொடுத்தும் உதவலாம். தனியொரு வீட்டுக்கு அரிதான செயல், பத்து வீடுகள் கூடின் எளிதாகும்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. சென்ற வாரம் உங்கள் இல்லத்துக் குழந்தை உண்ட இடையுணவுகள் எவை? அவற்றுள் விலைக்கு வாங்கியவை எத்தனை?

2. அதே தொகைக்கு எத்தனை முட்டையும் பழமும் கிடைக்கும்?

3. நீங்கள் விளைவிப்பதில் முதல் தரம் யார் வாய்க்குச் செல்கிறது?