பாலைநிலத்து ஒட்டகம்

சித்திரைத் திங்களின் நண்பகலில் கிருஷ்ணன்கோவிலிலிருந்து திருவில்லிபுத்தூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நடப்போர் மிகச் சிலரே. மேற்கே மலைத்தொடர் நீலமாய்த் தோன்றினும் அதன் குளிர்ச்சி சமவெளியை எட்டுவதில்லை. எருமை, கண்மாயில் எஞ்சிய சேற்றைத் தேடிப் புரளும். நாய் நாவை நீட்டி இளைக்கும். இரண்டும் ஈரத்தைச் செலவிட்டே உடலைக் குளிர்விக்கின்றன. ஈரமே அரிதான இடத்தில் ஒரு விலங்கு யாது செய்யும்?

தமிழ் நூலோர் கூறிய பாலை, வேனிலில் வறண்டு மழையில் மீண்டும் தளிர்க்கும் நிலமாகும். வடமேற்கே இராஜஸ்தானிலுள்ள தார்ப் பாலைவனம் அத்தகையதன்று. அங்கு வறட்சியே நிலைத்த இயல்பு. கோடைப் பகலில் வெப்பம் சில நாள்களில் 50 பாகை செல்சியசை நெருங்கும். குளிர்கால இரவிலோ நீர் உறையும் நிலைக்கு அருகே இறங்கும். இவ்விரண்டையும் தாங்கி வாழ்வது ஒட்டகம்.

அதன் திமிலில் தண்ணீர் இருப்பதாகப் பலர் எண்ணுவர். அது பிழை. அங்கிருப்பது கொழுப்பே. உடல் முழுதும் கொழுப்புப் பரவியிருப்பின் உள்வெப்பம் வெளியேறாது. ஓரிடத்தே திரண்டிருத்தலால் ஏனைய பகுதிகள் எளிதில் ஆறும்.

ஒட்டகம் நீரைச் சேமிக்கும் முறையே வேறு. 1953, 1954ஆம் ஆண்டுகளில் சகாராவில் நூட் ஷ்மித் நீல்சன் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்தார். நீர் பெறாத ஒட்டகத்தின் உடல்வெப்பம் விடியலில் 34 பாகையாகவும், பிற்பகலில் 40 பாகைக்கு மேலாகவும் இருந்தது. மனிதனாயின் அதனைக் கடுங்காய்ச்சல் என்போம்! ஒட்டகமோ வியர்வை சிந்தி அவ்வெப்பத்தை உடனே போக்க முயல்வதில்லை. பகலெல்லாம் உடலில் ஏற்றுக்கொண்டு, இரவின் குளிர்காற்றில் விட்டுவிடுகிறது. இதனால் ஒரு நாளில் ஏறத்தாழ 5 லிட்டர் நீர் மிச்சமாகும். வேண்டிய அளவு நீர் குடித்த ஒட்டகத்திடம் இவ்வேறுபாடு 2 பாகை அளவே. தேவை நேர்ந்தபோதே அது இச்சிக்கனத்தை மேற்கொள்கிறது.

அவ்வறிஞர் ஓர் ஒட்டகத்தின் மயிரை மழித்தும் பார்த்தார். மழிக்கப்பட்டது, மயிருடைய ஒட்டகத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீரை இழந்தது. கம்பளி குளிருக்கு மட்டும் உரியதென்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். மயிர்ப் போர்வை, வெயில் தோலை அடையாமல் இடையே நின்று தடுக்கிறது.

அதே போர்வை குளிரையும் தடுக்கும். லடாக்கிலுள்ள நூப்ராப் பள்ளத்தாக்கு, மணற்குன்றுகளை உடையதாயினும், குளிர்காலத்தில் உறைநிலைக்கு மிகக் கீழான குளிரை உடையது. அங்குள்ள இரட்டைத் திமில் ஒட்டகம், குளிர் தொடங்குமுன் அடர்ந்த மயிர் வளர்த்து, வேனில் வந்ததும் அதனைக் கற்றை கற்றையாக உதிர்த்துவிடும்.

இத்துணை வெம்மையையும் குளிரையும் வென்ற விலங்கு, இன்று வேறொன்றால் குறைந்து வருகிறது. லாரியும் டிராக்டரும் அதன் சுமையை ஏற்றன; மேய்ச்சல் நிலங்கள் சுருங்கின. 2014ஆம் ஆண்டில் இராஜஸ்தான் அதனை மாநில விலங்காக அறிவித்தது. ஆயினும் 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஏறத்தாழ 2.5 இலட்சம் ஒட்டகங்களே இருந்தன; 2012இல் இருந்ததைவிட இது 37 விழுக்காடு குறைவு. நூப்ராவில் முன்னாளில் யார்க்கந்து வணிகரின் பொதிகளைச் சுமந்த ஒட்டகங்களின் வழித்தோன்றல்கள், இப்பொழுது ஹுண்டர் என்னும் ஊரின் மணற்குன்றுகளில் சுற்றுலா வருவோரைச் சுமந்து திரிகின்றன.